நான்காம் நிலையில் செலின் வாசித்தது

சேக்காடு, ஆவடி
24 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை செலினுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. கிழிப்பதாக இருந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி. என் நம்பரை நீ பிளாக் செய்து பதினோரு மாதம் ஆகிறது. உன் அண்ணி போனிலிருந்து கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். வேறு பங்குக் கோயிலுக்கு மாற்றக் கேட்டு நீ இங்கே கோயில் ஆபீசுக்கு எழுதியிருந்த கடிதத்தில் வேப்பம்பட்டு விலாசம் இருந்தது. ஆபீசில் இருக்கும் பெண் காட்ட மாட்டேன் என்றுதான் சொன்னாள், நான்தான் வற்புறுத்தி வாங்கினேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டார். இவர் ஜூனில் வந்தவர், நம் கதை எதுவும் தெரியாது. "ஆரோக்கியசாமி சார், தவக்காலம் வருது. தெரு சிலுவைப்பாதைக்கு இந்த வருஷமும் நீங்கதான் சிந்தனை எழுதணும். போன வருஷத்து நாலாவது நிலையப் பத்தி ஜனங்க இன்னும் பேசிக்கினு இருக்காங்க" என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஃபேக்டரியில் முப்பத்துமூன்று வருஷம் ரிப்போர்ட் எழுதியவன் நான். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும். உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் பொறுத்துக்கொள். குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளி மாலை நம் அன்பியக் குழுக் குடும்பங்கள் எல்லாம் சிலுவையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறோம். பதினான்கு நிலைக்குப் பதினான்கு வீடு. வாசலில் மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி. நான் எழுதிய சிந்தனைத் தாளை அந்த வீட்டுக்காரர் கையில் கொடுப்பேன், அவர் மைக்கில் வாசிப்பார். போன வருஷம் நான்காம் நிலை, இயேசு தம் தாயைச் சந்திக்கிற நிலை, ஆனந்தன் சார் வீட்டுக்கு என்று போட்டிருந்தேன். உன் வீட்டுக்குப் பதினோராவது. அன்றைக்குப் பார்த்துப் பின் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஊர்வலம் எதிர்ப்பக்கத்திலிருந்து புறப்பட வேண்டியதாகிவிட்டது. நான்காவது உன் வாசலில் வந்து நின்றது. இதில் என் திட்டம் எங்கே இருக்கிறது, நீயே சொல்.

நான் உன் பெயரைப் போடவில்லை. உன் பிள்ளை லிபின் பெயரையும் போடவில்லை. "நம் நடுவே ஒரு தாய்" என்றுதான் எழுதினேன். மாதாவின் வியாகுலம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கதை அல்ல, இன்றைக்கும் நம் தெருவில் நடக்கிறது என்று ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தேன். அது தவறா? லிபின் அன்று சிகிச்சை மையத்திலிருந்து ஒருநாள் அனுமதியில் வீட்டுக்கு வந்திருப்பான் என்று கனவிலும் நினைக்கவில்லை.

தவறாக இருந்தால் மன்னித்துவிடு. ஆண்டவர் சிலுவையில் தொங்கிக்கொண்டே மன்னித்தார். லிபின் எங்கே இருக்கிறான் என்று ஒரு வரி எழுது. அவனைத் தூக்கி வளர்த்தவன் நான்.

உன் அண்ணன்,
ஆரோக்கியசாமி

வேப்பம்பட்டு
3 மார்ச் 2025

அண்ணா,

கடைசிவரை படித்தேன். கிழிக்கவில்லை. வீட்டுக்கார பார்வதம் அம்மா கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, "இன்னாம்மா, இந்தக் காலத்துல லெட்டரு? ஊட்ல எதுனா கெட்ட சேதியா?" என்று எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். கிழித்தால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அதனால் தப்பித்தாய்.

என் விலாசத்தையும் என்னைக் கேட்காமல்தான் எடுத்திருக்கிறாய். எடுத்த பிறகு அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே என்று எனக்குப் புத்தி சொல்கிறாய். நீ மாறவே இல்லை.

பெயர் போடவில்லையாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? "மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, ஞாயிறுதோறும் குடிநோய் மையத்தின் கம்பிக் கதவுக்கு முன்னால் டிபன் டப்பாவோடு நிற்கிறாளே ஒரு தாய்." இது உன் இரண்டாவது வரி. எனக்கு மனப்பாடம். ஓசூர் என்று போட்டுவிட்ட பிறகு பெயர் எதற்கு? எங்கள் தெருவில் ஓசூர்க் கதையை என்னைத் தவிர யார் சொல்லிக்கொண்டு திரிந்தார்? கடைக்காரர் முனியனுக்குக்கூடத் தெரியும்.

லிபினை அந்த மையத்தில் சேர்த்தபோது என்கூட வந்தவன் நீ ஒருவன்தான். அவன் அப்பா உயிரோடு இல்லை. பூந்தமல்லியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் உன் தோளில் சாய்ந்து அழுதேன். உலகத்தில் யாருக்கும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். நீ அதை எடுத்துக்கொண்டு போய்ச் சிந்தனை எழுதினாய். டிபன் டப்பாவைக்கூட விடவில்லை.

அன்று அவன் குடிக்காமல் எழுபத்துநான்காவது நாள். சிலுவைப்பாதைக்கு நிற்க வேண்டும் என்று அவனே அனுமதி கேட்டுக்கொண்டு வந்தான். மேசைக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாசித்து முடித்தேன். ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்கள். அடுத்த பாட்டு எடுத்தார்கள். அவன் மெழுகுவர்த்தியை மேசைமேல் ஊன்றிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் எதிர்ப்பக்கமாக நடந்து போனான். ஐந்தாம் நிலைக்கு நீங்கள் எல்லாரும் பாடிக்கொண்டே போனீர்கள். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! "ஏம்மா எங்ககிட்ட சொல்லல" என்று ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். ஞாயிறு பூசையில் பெயரைச் சொல்லி அவனுக்காக மன்றாடினார்கள். மன்றாட்டு முடிந்ததும் எல்லாத் தலையும் என் பெஞ்சுப் பக்கம் திரும்பும். வீட்டைக் காலி செய்துகொண்டு வந்ததுதான் மிச்சம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அதே கம்பெனியில்தான் துணி செக்கிங் பார்க்கிறேன். தினமும் காலையும் மாலையும் ரயிலில் ஆவடியைத் தாண்டித்தான் போகிறேன். இறங்குவதில்லை.

ஆண்டவர் சிலுவையில் மன்னித்தார் என்கிறாய். மன்னித்தவர் அவர். ஆணி அடித்தவர்கள் யாரும் பக்கத்தில் நின்று "மன்னிக்கிறதுதானே முறை" என்று ஞாபகப்படுத்தவில்லை.

அவன் எங்கே என்று கேட்காதே.

செலின்

சேக்காடு
8 மார்ச் 2025

செலின்,

உன் கடிதத்தை உன் அண்ணிக்குக்கூடக் காட்டவில்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாளாம் என்றேன். வாயைத் திறந்தால் பொய்தான் வருகிறது.

திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு பங்குத்தந்தையிடம் போய் இந்த வருஷம் என்னால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றார். பிரஷர் ஏறிக் கிடக்கிறது, டாக்டர் ஓய்வு சொல்லியிருக்கிறார் என்றேன். பிரஷரும் இல்லை, டாக்டரும் இல்லை. "உங்க உடம்புதான் முக்கியம் சார், நான் வேண்டிக்கிறேன்" என்று என் தலையில் கை வைத்தார். அந்தக் கை சுட்டது.

உன்னிடமாவது பொய் இல்லாமல் ஒன்று சொல்ல வேண்டும். போன கடிதத்தில் தெரு தோண்டியிருந்ததால் வந்த வினை என்று எழுதினேன் அல்லவா? அது முழு உண்மை இல்லை.

மூன்றாம் நிலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இயேசு முதல் முறை விழுகிற நிலை. முழங்காலில் நின்றபடி கணக்குப் போட்டேன். அடுத்தது செலின் வீடு. பதினான்கு தாளும் என் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. ஒரு பாட்டு முடிகிற நேரம் எனக்கு இருந்தது. அந்தத் தாளைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துவிட்டு, "நாலாவது தாளைக் காணோம், இங்கே எல்லாரும் மௌனமாகச் செபிப்போம்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது. "செலின் வாசித்தால் இது எடுபடும்" என்று நினைத்தேன்.

கோயிலில் இருபது வருஷமாக நீ வாசகம் வாசிக்கிறாய். நீ வாசித்தால் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். ஆனந்தன் சார் பல்செட்டோடு தட்டுத் தடுமாறி வாசித்து என் எழுத்தைப் பாழாக்கியிருப்பார். தெரு தோண்டியதும் ஒருவகையில் தேவ சித்தம் என்றுகூட அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. என் பெருமைக்குத் தேவ சித்தம் என்று பெயர் வைத்தேன்.

உன் வாசலுக்கு வந்தபோது லிபினையும் பார்த்தேன். இளைத்திருந்தான். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான், செலின். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் தாளை உன் கையில் கொடுத்தேன்.

நீ வாசிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பக்தியால் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். பின்னால் ஒரு அம்மா விசும்பினார். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது லிபின் இருந்த இடம் காலியாக இருந்தது. அப்போதும் ஐந்தாவது தாளைத்தான் தேடினேன்.

ஐந்தாம் நிலையில் வரும் சீமோனைப் பற்றி வருஷா வருஷம் எழுதியிருக்கிறேன். சிலுவையைப் பகிர்ந்துகொண்ட பெருந்தகை என்று. சிலுவையைத் தொடாமலே அதைப் பற்றிப் பேசிப் பேர் வாங்கியவர்களைப் பற்றி ஒருமுறைகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் அது என்னைப் பற்றியதாக இருந்திருக்கும்.

மன்னிப்பு கேட்கவில்லை. சொல்லத்தான் எழுதினேன்.

ஆரோக்கியசாமி

வேப்பம்பட்டு
26 மார்ச் 2025

அண்ணா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாள் வந்த கோபத்தில் எழுதியிருந்தால் இந்தக் காகிதம் தீப்பிடித்திருக்கும். எழுதாமல் விட்டதும் நல்லதுதான், ஏனென்றால் கோபம் ஆறின பிறகுதான் அடியில் கிடந்தது தெரிந்தது.

நீ தெரிந்துதான் கொடுத்தாய் என்று படித்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. "அப்பாடா" என்று இருந்தது. வெட்கம்தான், ஆனால் உண்மை. பழியை முழுசாக உன் தலையில் வைத்துவிட ஒரு வழி கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் மூன்று நாள்கூட நிற்கவில்லை.

லிபினைக் கண்டுபிடித்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமே. குமணன்சாவடியில் ஒரு பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றுகிறான். எங்கெங்கோ கிடந்து, எத்தனையோ தடவை விழுந்து, அங்கே வந்து சேர்ந்திருக்கிறான். ஆபீஸ் நடத்துகிற சுலைமான் பாய் மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார். நான் போய் நின்றபோது அவர்தான் முதலில் வந்து பேசினார். "அவன் குட்ச்சான்னா ஏணி மேல ஏத்த மாட்டேன், கீழ குந்தவெச்சி ரசீது எழுத வுட்ருவேன். தொரத்த மாட்டேன்மா. என் தம்பியும் இப்டிதான் போனான்" என்றார். அந்த மனிதர் ஒரு சிந்தனையும் எழுதினவரில்லை.

லிபின் வெளியே வந்தான். நான் என் பாட்டுக்கு உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். உன் மாமன் இப்படிச் செய்துவிட்டானே, நம் மானத்தைத் தெருவில் போட்டுவிட்டானே என்று. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் சொன்னான்: "மாமா எழுதிக்குடுத்தாரு. சரி. நீ ஏம்மா பட்ச்ச?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"ரெண்டாவது லைன்லயே உனுக்குத் தெரிஞ்சி போச்சி. என்னப் பாத்த. பாத்துக்கினே பட்ச்ச. நிறுத்துவன்னு நெனச்சிக்கினே நின்னேன்மா. கடசி வரைக்கும் நெனச்சேன்" என்றான்.

அண்ணா, அவன் சொல்வது உண்மை. ஒரு வருஷமாக என்னிடமே மறைத்து வைத்திருந்ததை இப்போது உனக்குச் சொல்கிறேன். இரண்டாவது வரியில் தெரிந்துவிட்டது. தாளை மடித்திருக்கலாம். மைக்கைக் கீழே வைத்திருக்கலாம். மயக்கம் வந்ததுபோல உட்கார்ந்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, கோயிலில் வாசிக்கிற மாதிரியே வாசித்தேன். பழக்க தோஷம் என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் இல்லை. "டிபன் டப்பாவோடு" என்றபோது எதிர்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்காக அழுதார். அவன் அப்பா போன பிறகு எட்டு வருஷமாக யாரும் எனக்காக அழுததில்லை. ஓசூர் ஓசூர் என்று சிரித்துக்கொண்டே திரிந்தவளுக்கு அந்த அழுகை இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று அடுத்த வரியை மெதுவாக வாசித்தேன். என் பிள்ளையின் மானத்தைக் கொடுத்து நான் ஆறுதல் வாங்கிக்கொண்டேன்.

பிறகு விவிலியத்தை எடுத்துத் தேடினேன். நான்கு நற்செய்தியிலும் தேடினேன். வழியில் மாதா மகனைச் சந்தித்ததாக எங்கேயும் இல்லை. யோவான் மட்டும் சிலுவையருகில் தாய் நின்றார் என்கிறார். நின்றார், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. அவர் பேசியிருந்தால் கூட்டமே அழுதிருக்கும். பேசவில்லை. மகன் அவமானப்படுகிற இடத்தில் தன் துக்கத்தை ஒருத்தருக்கும் காட்டாமல் நின்றிருக்கிறார். நான் மைக் பிடித்து முக்கால் பக்கம் வாசித்தேன்.

இப்போது ஞாயிறு மத்தியானம் குமணன்சாவடி போகிறேன். எதிரே டீக்கடையில் உட்காருவேன். அவன் வந்து ஒரு டீ குடிப்பான். பத்து நிமிஷம். சில நாள் பேசுவான், சில நாள் பேசமாட்டான். பொங்கலுக்குப் பிறகு தொடவில்லை என்கிறான். நான் நம்புகிறேனா என்று கேட்டால், ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஞாயிறு மட்டும் நம்புகிறேன். உயிர்ப்பு ஞாயிறு அன்று வேப்பம்பட்டுக்குச் சாப்பிட வா என்று கூப்பிட்டேன். "பாக்கலாம்" என்றான். அந்த "பாக்கலாம்" போதும், அதை வைத்து ஒரு மாதம் ஓட்டிவிடுவேன்.

நீ அங்கே போகாதே. அவன் உன்மேல் கோபமாக இல்லை, அதனால்தான் சொல்கிறேன். நீ போய்க் காலில் விழுவாய், அழுவாய். அவன் உன்னைத் தேற்ற வேண்டி வரும். அவனே இப்போதுதான் எழுந்து நிற்கிறான்.

செலின்

சேக்காடு
12 ஏப்ரல் 2025

அன்பு செலின்,

முதலில் ஒரு குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். போகாதே என்றாய். போனேன். உன் கடிதம் வந்த மறுநாளே பஸ் ஏறி, குமணன்சாவடியில் இறங்கிவிட்டேன். உன் அண்ணி சுட்டுக் கொடுத்த அதிரசம் பையில் இருந்தது. ரோட்டைக் கடக்க நின்றேன். எதிரே லாரியில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தான். லிபினா என்றுகூட நிச்சயமாகத் தெரியவில்லை. "அவன் உன்னைத் தேற்ற வேண்டி வரும்" என்று நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. நான் அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று புரிந்தது. அப்படியே அடுத்த பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். அதிரசத்தை வழியில் யாருக்கோ கொடுத்தேன்.

நேற்றுத் தெரு சிலுவைப்பாதை நடந்தது. சிந்தனைக்கு இந்த வருஷம் அச்சிட்ட புத்தகம்தான். என் மகள் ஜாஸ்லின் ஒவ்வொரு வீட்டிலும் புத்தகத்தை நீட்டினாள். நான் கடைசி வரிசையில் போனேன். உன் பழைய வீட்டில் இப்போது ரேணுகா என்று ஒரு ஆசிரியை குடியிருக்கிறார். நம்மவர் இல்லை. ஆனாலும் வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார். நான்காம் நிலை அங்கேதான்.

அங்கே பங்குத்தந்தை திடீரென்று என்னைத் தேடினார். "போன வருஷம் இந்த நிலைக்கு எழுதினவர் நம்ம ஆரோக்கியசாமி சார். உடம்பு முடியாட்டியும் வந்திருக்காரு. ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்" என்று மைக்கை நீட்டிவிட்டார்.

செலின், மைக் என் கைக்கு வந்ததும் என் மனம் என்னவெல்லாம் போட்டது தெரியுமா? இதோ சந்தர்ப்பம், எல்லார் முன்னாலும் முழங்காலில் விழுந்து சொல்லிவிடு என்றது. "சென்ற ஆண்டு இதே இடத்தில் ஒரு பாவம் செய்தேன்" என்று முதல் வாக்கியம்கூட வந்துவிட்டது. நல்ல வாக்கியம். கூட்டம் மூச்சைப் பிடித்துக் கேட்டிருக்கும். எனக்கும் கண்ணீர் வந்திருக்கும். ஆனால் அந்தப் பாவத்தைச் சொல்ல உன் பெயர் வேண்டும், லிபின் வேண்டும், மறுபடியும் அந்த டிபன் டப்பா வேண்டும். நான் மனம் வருந்துவதற்கும் உங்களைத்தான் மேடையேற்ற வேண்டும். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "சொல்ல ஒன்னும் இல்ல ஃபாதர்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஜனங்களுக்கும் ஏமாற்றம்தான்.

இன்று காலை பாவசங்கீர்த்தனத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிரஷர் பொய் உட்பட. பாவமன்னிப்புச் செபத்தைச் சொன்னார். பிறகு, "நான் வேற உங்க கையில மைக்கக் குடுத்தேனே" என்றார். அந்த நல்ல மனுஷனையும் வருத்தப்பட வைத்துவிட்டேன்.

நீ நற்செய்தியில் தேடினாய் அல்லவா? நானும் தேடினேன், ஆனால் கல்லறைக்கு அந்தப்பக்கம். உயிர்த்த ஆண்டவருக்குக் காயம் ஆறவில்லை. கையிலும் விலாவிலும் அப்படியே இருந்தது. சீடர்களிடம் வந்து அவரே கையைக் காட்டினார். தோமாவுக்கு அவரே விலாவைக் காட்டினார். பேதுருவோ யோவானோ அவரைப் பிடித்து நிறுத்தி, "பாருங்கள், இவருக்கு இங்கே காயம்" என்று காட்டியதாக இல்லை. காயம்பட்டவருக்குத்தான் காட்டுகிற உரிமை, காட்டுகிற நேரமும் அவர் கையில். பன்னிரண்டு வருஷம் பாடுகளைப் பற்றிச் சிந்தனை எழுதினவனுக்கு அறுபத்திரண்டு வயதில்தான் இது தெரிகிறது.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். உன் ஞாயிற்றுக்கிழமைகளில் குறுக்கே வரமாட்டேன். அவன் உயிர்ப்பு ஞாயிறு அன்று வர வேண்டும் என்று மட்டும் வாய்திறக்காமல் வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணன்

வேப்பம்பட்டு
21 ஏப்ரல் 2025

அண்ணா,

அவன் வரவில்லை.

நேற்று விடியற்காலையே எழுந்து மட்டன் பிரியாணி செய்தேன். எட்டரை மணிப் பூசைக்குப் போய் வந்தேன். புதுப் பங்கில் யாருக்கும் என்னைத் தெரியாது. கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள், சும்மா வெறும் வாழ்த்து, எனக்கு அது பிடித்திருந்தது. வந்து வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். ஒவ்வொரு ரயில் போகும்போதும் எழுந்து எழுந்து பார்த்தேன். பார்வதம் அம்மா, "யாரம்மா வராங்க?" என்று கேட்டார். "என் மகன். குமணன்சாவடியில் மூட்டை ஏற்றுகிறான்" என்றேன். ஓசூர் என்று சொல்லவில்லை. மற்றதை நான் சொல்லவில்லை, அது அவனுடையது.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. அவன்தான்.

"அம்மா, நான் வர்ல. வெள்ளிக்கெழம குட்ச்சிட்டேன்."

பெரிய வெள்ளி அன்றாடா பாவி என்று வாய்வரை வந்தது. தொண்ணூறு நாளுக்குமேல் ஆகியிருந்தது, அண்ணா. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் மேலே சொன்னான்: "சொல்லாமயே வந்து துன்ட்டுப் போயிருக்கலாம். மூஞ்சி தெளிஞ்சிருச்சி, உனுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா நீயா கண்டுபுடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு தோணிச்சிம்மா. அதான்."

பத்து வருஷமாக அவன் சட்டைப்பையைத் துழாவியும், வாயை மோந்து பார்த்தும், தலையணைக்கு அடியில் கைவிட்டும் நான்தான் கண்டுபிடித்திருக்கிறேன். அவனாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. நான் என்னவோ பேச வாயெடுத்தேன். நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். "சரிப்பா" என்றேன். "சாப்பிட்டியா?" என்றேன். இல்லை என்றான்.

பிரியாணியைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இந்தத் தடவை ஆவடியில் இறங்கித்தான் பஸ் மாறினேன். பார்சல் ஆபீஸ் பூட்டியிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டான். பாதி கீழே சிந்தியது. நான் ஊட்டிவிடப் போனேன், வேண்டாம் என்றான். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, விழுங்கிக்கொண்டேன். இது உயிர்ப்பு ஞாயிறா என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது. போன வருஷத்து ஞாயிறைவிட இது மேல்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து, மையத்துக்கே திரும்பப் போகிறேன் என்றான். சுலைமான் பாயிடமும் சொல்லிவிட்டானாம், வேலை காத்திருக்கும் என்றிருக்கிறார். வருகிற புதன்கிழமை. தேறுவானா, மறுபடியும் விழுவானா, நான் யாரிடம் கேட்பது? மூன்று முறை விழுந்தார் என்று நாமே நிலைக்கு நிலை நின்று சொல்கிறோம். இவனுக்கு நான் எண்ணிக்கை வைக்கப்போவதில்லை.

சேர்க்கும்போது குடும்பத்திலிருந்து இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமாம். "போன தபா மாமாதான போட்டாரு. அவரயே கூப்புடு" என்றான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவன் வாயால் வந்தது. எனக்கு இன்னும் உன்மேல் மனசு முழுசாகத் தெளியவில்லை. பொய் சொல்லமாட்டேன். உன்னைப் பார்த்தால் என்னையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி இருக்கும், அதுவும் ஒரு பயம். இருந்தாலும் வா.

புதன் காலை ஒன்பது மணிக்கு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நில். உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், தாமதமானால் கூப்பிடு. அவனிடம் மன்னிப்பு கேட்காதே, புத்தி சொல்லாதே, அவன் பேசினால் பேசு. கையெழுத்துப் போட அங்கேயே பேனா தருவார்கள். நீ பேனா எதுவும் எடுத்துக்கொண்டு வராதே.

செலின்